டிஸ்க் சீப்பு தானே?

"டிஸ்க்கெல்லாம் இப்ப சல்லிசுப்பா, பத்தலைன்னா இன்னொரு மெஷினைச் சேர்த்துக்கலாம்". டிஸ்ட்ரிபியூட்டட் டேட்டாபேஸ் பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இந்த வசனத்தை எடுத்து விட்டுடறாங்க. எனக்கு இது சுத்தமா ஒத்துக்கலை மக்களே. கம்பெனிக்காரங்க சொன்னா சரி, கார்டைத் தேய்ச்சா கிளவுட்ல மெஷின் வந்து நிக்கும். மாஸ்டர்ஸ் படிச்சுக்கிட்டே லேப்ல பகுதிநேர வேலை பாக்கற என்னை மாதிரி ஆளுங்களுக்கு மெஷின் வாங்கப் பணம் ஒரு தடவைதான் வரும். அப்ப கம்மியா கேட்டுட்டா, ப்ராஜெக்ட் முடியற வரைக்கும் அதோடயே மாரடிக்க வேண்டியதுதான்.

எங்க லேப் கணக்கையே எடுத்துக்குவோம். டேட்டா 6 டெராபைட், டேட்டாபேஸ் கசாண்ட்ரா (ஃபேஸ்புக்ல பொறந்து 2008-ல ஓப்பன் சோர்ஸ் ஆனதே, அதான்). கூட இருக்கற சீனியர் "ஆறு மெஷின், ஆளுக்கு 2 டெராபைட், மொத்தம் 12. டபுளா இருக்கே"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார்.

எல்லாத்துலயும் மூணு காப்பி வெக்கணும், அப்ப 18. கம்ப்ரஷன்ல பாதியாகும்னு வெச்சாலும் 9. ஒரு மெஷினுக்கு 1.5. அட, 2-க்குள்ள அடங்கிடுச்சேன்னு தோணும். மேட்டரே இங்கதான் இருக்கு. கசாண்ட்ரா ஏற்கெனவே எழுதின ஃபைலைத் திருத்தாது. புதுப்புது ஃபைலா எழுதித் தள்ளிட்டு, அப்புறமா சேர்த்து ஒரே பெரிய ஃபைலாக்கும். இதுக்குப் பேர் காம்பாக்‌ஷன். புது ஃபைல் முழுசா எழுதி முடியற வரை பழசு போகாது. நாங்க வெச்சிருக்கற சைஸ்-டியர்டு முறையில, மோசமான நேரத்துல டேட்டா அளவுக்கே காலி இடம் வேணும். ஆக 1.5 இல்லை, 3. ஒரு மெஷின் மண்டையைப் போட்டு மிச்சம் அஞ்சும் அதோட பங்கைச் சுமந்தா ஆளுக்கு 1.8, அதாவது 3.6. நான் 4 டெராபைட் டிஸ்க் கேக்கறது பேராசையில்லை சாமி :-)

லெவல்டு முறைக்கு மாறினா இவ்வளவு காலி இடம் வேண்டாம். ஆனா அதே டேட்டாவைத் திரும்பத் திரும்ப எழுதி டிஸ்க்கைப் போட்டு வாட்டும். டெலீட் பண்ணினா இடம் கிடைக்குமேன்னா, அழிச்சதுக்கான அடையாளத்தையே வழக்கமா 10 நாள் வெச்சிருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்து மறந்துட்டீங்கன்னா காம்பாக்‌ஷன் கழிச்சுப் போட்ட ஃபைலும் டிஸ்க்கை விட்டு நகராது.

மெமரி கதை வேற மாதிரி. 64 ஜிபி இருந்தா அம்புட்டையும் ஜாவா ஹீப்புக்குக் குடுக்கறது சுத்த வேஸ்ட். ஹீப் 32 ஜிபி-யைத் தாண்டினா பாயிண்டர் சைஸ் பெருத்துடும், குப்பை பொறுக்கற நேரமும் கூடலாம். ப்ளூம் ஃபில்டர் ஹீப்புக்கு வெளியில உக்காரும். நூத்துக்கு ஒண்ணு தப்பலாம்னா ஒரு கீக்கு சுமாரா 10 பிட், மெஷினுக்கு 100 கோடி கீ இருந்தா 1.25 ஜிபி. ஒரே கீ நாலஞ்சு ஃபைல்ல கிடந்தா அதுக்கேத்த மாதிரி ஏறும். மிச்சத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்தோட பேஜ் கேஷுக்கு விடணும், அடிக்கடி படிக்கற டேட்டா அதுல அடங்குதா இல்லையாங்கறதுலதான் வேகமே இருக்கு.

டிஸ்கார்ட் 2022-ல 177 கசாண்ட்ரா மெஷின்லேர்ந்து 72 ஸைல்லா மெஷினுக்கு மாறினாங்க. மெஷின் எண்ணிக்கையை டேட்டா அளவு மட்டுமே தீர்மானிக்கறதில்லைன்னு நான் சொல்றது இதை வெச்சுத்தான்.

இந்தக் கணக்குல நான் நம்பாத நம்பர் ஒண்ணே ஒண்ணு, அந்தக் கம்ப்ரஷன் "பாதி". அதை ஊகிக்கறதை விட நிஜ டேட்டாவுல நூத்துல ஒரு பங்கை ஒரு பழைய மெஷின்ல ஏத்திப் பார்த்தா அளவு தெரிஞ்சுடும். அது வெறும் 60 ஜிபி டேட்டாதான்.