மறுப்புக் கடிதத்தோடு வழக்கறிஞரும் வர வேண்டும்

உடல்நலம் கெட்டு, பணிக்காலம் முடியும் முன்பே ‘போர்டு அவுட்’ ஆகி ஊர் திரும்பும் சிப்பாய்க்குச் சில மாதங்களில் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. டிஸபிலிட்டி பென்ஷன் கிடையாது என்பது அதன் சாரம். காரணம் ஒரு வரிதான்: இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததல்ல, பணியால் முற்றியதும் அல்ல. முன்னாள் படைவீரர்கள் இதைச் சுருக்கமாக ‘என்.ஏ.என்.ஏ.’ என்பார்கள். ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற தகவலும் அவருக்குத் தரப்படும். எதைக் காட்டி முறையிடுவது, எந்த ஆவணத்தைக் கேட்டு வாங்குவது, யாரிடம் போய் நிற்பது என்பதெல்லாம் அவர் பாடு.

அந்த ஒரு வரி சட்டப்படி எழுதப்பட்டதா என்று கேட்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ராணுவத்தின் 1961-ஆம் ஆண்டு பென்ஷன் ஒழுங்குமுறைகள் இரண்டு நிபந்தனைகளையே வைத்தன. இயலாமை 20 விழுக்காடாவது இருக்க வேண்டும். அது பணியால் வந்ததாகவோ பணியால் கூடியதாகவோ இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையை யார் நிரூபிப்பது? 1982-ஆம் ஆண்டின் தகுதி விதிகள் இதற்கு ஐயமில்லாமல் பதில் சொல்லின. ஆளெடுப்பின்போது ஒரு நோய் பதிவு செய்யப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நிலையோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாய் மேல் இல்லை. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே போக வேண்டும். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகையை நாட்டுக்காக நின்றவருக்கும் விதி எழுதியவர்கள் கொடுத்திருந்தார்கள். இயலாமையை மதிப்பிடும் ராணுவ மருத்துவ வாரியங்கள்தான் அதைக் கொடுக்கவில்லை.

சிக்னல்ஸ் படைப் பிரிவில் 1985-ல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-ல் வெளியேற்றப்பட்டவர் தரம்வீர் சிங். இயலாமை 20 விழுக்காடு. உடம்பின் இயல்பிலேயே உள்ள கோளாறு, பணிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றது மருத்துவ வாரியம். இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி முன் அவர் வென்றார். அரசு மேல்முறையீடு செய்து டிவிஷன் பெஞ்சில் அதைக் கவிழ்த்தது. 2013 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. சேரும்போது இல்லாத நோய் பணிக்காலத்தில் வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்லும் வாரியம் காரணத்தை எழுதியாக வேண்டும் என்றது நீதிமன்றம். ஒன்பது ஆண்டுப் பணிக்கான உரிமையைப் பெற அவருக்கு 19 ஆண்டுகள் ஆயின.

அந்தத் தீர்ப்போடு பிரச்சினை முடிந்திருக்க வேண்டும். 2014-லும் 2015-லும் உச்ச நீதிமன்றம் இதே நிலையை உறுதிசெய்தது. இயலாமை விழுக்காட்டை மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. 2015-ல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அமைத்த நிபுணர் குழு, இத்தகைய வழக்குகளில் அரசு மேல்முறையீடு செய்வதை விட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. கார்கிலில் படுகாயமுற்ற ஓர் அதிகாரியும் அக்குழுவில் இருந்தார். அதன் பிறகும் வழக்குகள் நிற்கவில்லை. காரணம் எழுதாத வாரிய அறிக்கைகளை உச்ச நீதிமன்றம் 2025-லும் ரத்து செய்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில், ஆயுதப்படைத் தீர்ப்பாயம் வீரர்களுக்கு வழங்கிய டிஸபிலிட்டி பென்ஷனை எதிர்த்து மத்திய அரசு போட்டிருந்த ஏறக்குறைய 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த மனுக்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தீர்ப்பாயத்தில் வென்றும் பணத்துக்குக் காத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது.

ராணுவத்தினரின் பணி, பென்ஷன் வழக்குகளை விரைவாக முடிக்கத்தான் 2007-ல் சட்டம் இயற்றி, 2009 ஆகஸ்டில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டினருக்குச் சென்னை அமர்வு இருக்கிறது. தீர்ப்பாயத்தில் தோற்றவர் உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக முடியும் என்ற நிலையை 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்று உண்டாக்கியது. 2023 மார்ச்சில் வந்த தீர்ப்பு, உயர் நீதிமன்றத்தின் கதவை மீண்டும் திறந்தது. டெல்லி வரை போய் வழக்காட வசதியில்லாத சிப்பாய்க்கு இது நல்ல செய்தி. ஆனால் திறந்த கதவு அரசுக்கும் திறந்ததுதான். சம்பள வழக்கறிஞர்களும் எல்லையற்ற அவகாசமும் உள்ள ஒரு தரப்பு, எல்லாப் படிகளிலும் ஏறி இறங்கலாம். கன்னியாகுமரியிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வந்து சென்னையில் வாய்தா வாங்கிப் போகும் மனிதருக்கு அது இயலாது.

பணக் கணக்கைப் பார்த்தால்தான் இதன் முழுக் கொடுமை புரியும். முழு இயலாமைக்கு, கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 விழுக்காடு இயலாமைத் தொகை. சம்பளம் 40,000 ரூபாய் என்றால் 12,000. இருபது விழுக்காடு இயலாமைக்கு 2,400 ரூபாய்தான் வரும். ஆனால் 50-க்குக் குறைந்ததை 50 ஆகவும், அதற்கு மேல் 75 வரை உள்ளதை 75 ஆகவும், அதையும் தாண்டியதை 100 ஆகவும் கணக்கிட வேண்டும் என்பது 1996 முதல் நடைமுறைக்கு வந்த ஆணை. அப்படியானால் அது 6,000 ரூபாய். அகவிலை நிவாரணம் தனி. 15 ஆண்டு முடிக்காத சிப்பாய்க்குச் சாதாரண பென்ஷன் கிடையாது என்பதால், போர்டு அவுட் ஆனவர் பலருக்கு மாதா மாதம் வீட்டுக்கு வரக்கூடிய முக்கியமான நிலையான வருமானம் டிஸபிலிட்டி பென்ஷனே.

2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், 1983-ல் வெளியேறிய சிப்பாய் 1999-ல்தான் நீதிமன்றம் வந்திருந்தார். பென்ஷன் மறுப்பு என்பது மாதந்தோறும் தொடரும் தவறு. ஆகவே தாமதம் என்று சொல்லி வழக்கைத் தள்ளக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் நிலுவைத் தொகை, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான் என்றும் வரையறுத்தது. அன்றிலிருந்து தீர்ப்பாயங்கள் பெரும்பாலும் இந்த வரையறையையே பின்பற்றி வருகின்றன. 1994-ல் வெளியேறியவர் 2024-ல் தீர்ப்பாயம் போனால் நிலுவை 2021-லிருந்துதான். தவறு அரசுடையது என்று தீர்ப்பே வந்தாலும் நடுவில் போன 27 ஆண்டுகள் திரும்பி வராது. சிப்பாய் தன் உரிமையை அறியாமல் இருக்கும் ஒவ்வோர் ஆண்டும் அரசுக் கஜானாவுக்கு மிச்சம் என்பதே நடைமுறை விளைவு.

2008-ல் திருத்தி எழுதப்பட்ட தகுதி விதிகள் இன்னொரு சுமையையும் ஏற்றின. பொதுவாக நிரூபிக்கும் பொறுப்பு வீரர் மேல் இல்லை என்று சொல்லிவிட்டு, பணி விட்டு 15 ஆண்டுகளுக்குப் பின், ஆவணங்கள் அழிக்கப்பட்ட நிலையில் கோரினால் மட்டும் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழும் என்றன. அந்த ஆவணங்களை வைத்திருந்ததும் ராணுவம், வைத்திருக்கும் காலத்தை வகுத்ததும் ராணுவம், அழித்ததும் ராணுவம்.

ஆகவே இந்த வழக்குகளில் சட்ட உதவி எப்போது கிடைக்கிறது என்பதுதான் முக்கியம். தீர்ப்பாயத்தின் வாசலில் கிடைக்கும் வழக்கறிஞரைவிட, மறுப்புக் கடிதம் வந்த வாரத்தில் கிடைப்பவர் பல மடங்கு பயன் தருவார். மருத்துவ வாரிய அறிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேட்கச் சொல்வார். வாரியம் காரணம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆறு மாதக் கெடு தப்பாமல் முதல் மேல்முறையீட்டைப் போட வைப்பார். முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டாலும் ஆறு மாதம் கழிந்ததும் தீர்ப்பாயம் போகலாம் என்பதைச் சொல்வார். கெட்டிக்கார மூத்த வழக்கறிஞர் தேவையில்லை. விதி தெரிந்த, அக்கறையுள்ள ஒருவர் போதும்.

அப்படிப்பட்டவருக்கு நம் அமைப்பில் இடம் இருக்கிறதா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்புக்குக் கீழே உள்ளவர்களுக்கும் இலவச வழக்கறிஞர் தருகிறது. கணவரின் பென்ஷனுக்காகப் போராடும் மனைவிமார் வருமானம் பார்க்காமலே இதைக் கேட்கலாம். இது பலருக்குத் தெரியாது. ஆனால் மாற்றுத்திறனாளி என்பதற்கு அந்தச் சட்டம் கொள்ளும் வரையறையும் ராணுவ மருத்துவ வாரியம் எழுதும் விழுக்காடும் வேறு வேறு. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வலிப்போ காரணமாக வெளியேறியவர் அந்த வரையறைக்குள் எளிதில் அடங்கமாட்டார். 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளில், தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’வைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களிலேயே சட்ட உதவி மையங்கள் அமைப்பது அதன் நோக்கம். 15100 என்ற உதவி எண்ணும் ஏற்கெனவே இருக்கிறது. சரியான இடத்தில் வைக்கப்பட்ட அடி இது. வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டை போன்ற ஊர்க்காரர்களுக்கு நீதிமன்ற வளாகத்தைவிட நல அலுவலகம் பழகிய இடம். ஆனால் அங்கே அமரும் வழக்கறிஞர் ராணுவப் பென்ஷன் விதிகளைப் படித்தவராக இருக்க வேண்டும். சொத்துத் தகராறும் ஜீவனாம்சமும் பார்த்துப் பழகியவரிடம் மருத்துவ வாரிய அறிக்கையைக் கொடுத்தால் அவரால் என்ன செய்ய முடியும்? நல்ல பயிற்சி இல்லாமல் மையத்தின் பெயர்ப்பலகை மட்டும் மாட்டுவது அந்தக் குடும்பங்களுக்கு இழைக்கும் இன்னொரு அநீதி.

அமெரிக்காவில், வழக்கறிஞர் கிடைக்காத இந்த நிலையைத் தாண்டி வர நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. முன்னாள் வீரரின் பென்ஷன் கோரிக்கைக்கு வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 1864-ல் உள்நாட்டுப் போரின்போது அங்கே சட்டம் வந்தது. சுரண்டலைத் தடுக்க வந்த அந்த வரம்பு, காலப்போக்கில் வழக்கறிஞர்களையே விரட்டிவிட்டது. 1988-ல்தான் வரம்பு தளர்ந்தது. முன்னாள் வீரர்களுக்கென்று தனி நீதிமன்றமும் அமைந்தது. கோரிக்கையாளருக்கு ஆதாரம் திரட்ட உதவுவது முன்னாள் வீரர் நலத் துறையின் கடமை என்று 2000-ல் சட்டமே எழுதினார்கள். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் முறையிட்டு, வழக்கை விடாமல் நடத்தி வந்தால் முதல் விண்ணப்ப நாளிலிருந்தே நிலுவை கிடைக்கும். நிலுவையிலிருந்து ஒரு பங்கை வழக்கறிஞருக்குத் துறையே நேரடியாகக் கொடுக்கும் வழியும் உண்டு. நம் நாட்டில், வென்றால் இத்தனை பங்கு என்று கட்டணம் பேச பார் கவுன்சில் விதிகள் இடம் தருவதில்லை. அந்தத் தடை நியாயமானதே என்பது என் எண்ணம். ஆனால் அப்படித் தடுத்துவிட்டு, முன்பணம் இல்லாதவருக்கு அரசு வழக்கறிஞர் தரவில்லை என்றால், அவர் வட்டிக்கு வாங்குவார், இல்லையேல் இடைத்தரகரிடம் போவார்.

எதிர்த் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. டிஸபிலிட்டி பென்ஷனைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், வாழ்க்கை முறை நோய்களுக்கெல்லாம் அரசு பணம் தர முடியாது என்பது அது. 2023-ல் வெளிவந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கையின்படி, டிஸபிலிட்டி பென்ஷனோடு ஓய்வு பெறும் விகிதம் ஜவான்களைவிட அதிகாரிகளிடம் இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி விதிகள் மாறின. பணியில் நீடித்து ஓய்வு பெறுபவருக்கான தொகைக்கு ‘இம்பேர்மென்ட் ரிலீஃப்’ என்று புதுப் பெயர் வந்தது. முறைகேடு எங்கே இருக்கிறதோ அங்கே அதைத் தடுக்கட்டும். ஓய்வுக்குச் சில மாதம் முன்பு முதுகுவலி காட்டும் அதிகாரியையும், முப்பது வயதில் வலிப்போடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிப்பாயையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, மருத்துவ வாரியம் ஒவ்வொருவருக்கும் காரணத்தை விரித்து எழுதுவதுதான். சமவெளி முகாமில் வந்த நோய் என்பதாலேயே பணித் தொடர்பு அற்றுப்போகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025-ல் சொன்னது. குடும்பத்தைப் பிரிந்து, இரவுக் காவலும் இடமாற்றமும் இடைவிடாத கட்டளையுமாகக் கழியும் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு அது புதிய உண்மை இல்லை.

இனி வரப்போவது இன்னும் கடினமான காலம். நான்கு ஆண்டுப் பணிக்குச் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்குப் பென்ஷனே கிடையாது. பணியால் வந்த இயலாமைக்கு ஒரே தவணையாகப் பணம்: முழு இயலாமைக்கு 44 லட்சம், 75 விழுக்காட்டுக்கு 25 லட்சம், 50 விழுக்காட்டுக்கு 15 லட்சம். பென்ஷன் மறுக்கப்பட்டவருக்காவது மாதந்தோறும் தொடரும் தவறு என்று வாதாட இடம் உண்டு. ஒருமுறைப் பணத்துக்கு அந்த வாதம் செல்லுமா என்பது பெரிய சந்தேகம். இருபத்து மூன்று வயதில் ஊர் திரும்பும் ஓர் இளைஞனிடம் அந்த ஒரு வரிக் கடிதம் வரும்போது, கெடுவைத் தவறவிட்டால் எல்லாமே போய்விடக்கூடும்.

முதல் அணியினர் 2022 இறுதியில் சேர்ந்தவர்கள். அவர்களின் நான்கு ஆண்டு 2026 இறுதியில் நிறைகிறது. அதற்குள், நாடாளுமன்றம் கூடாமலே, பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒரு சுற்றறிக்கையால் சில காரியங்களைச் செய்துவிட முடியும். மறுப்புக் கடிதத்தோடு மருத்துவ வாரிய அறிக்கையின் முழு நகலையும் கேட்காமலே அனுப்ப வேண்டும். கடிதத்தின் இன்னொரு பிரதி அந்த மாவட்டத்து நல அலுவலகத்துக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் போக வேண்டும். அங்கிருந்து ஒரு வழக்கறிஞர் வீரரைத் தேடிப் பேச வேண்டும். காரணம் எழுதாத வாரிய அறிக்கையை முதல் மேல்முறையீட்டுக் குழுவே திருப்பி அனுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்ட கேள்வியில் அரசு மீண்டும் மேல்முறையீடு செய்வதென்றால், ஏன் என்று பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் கையெழுத்திட்டு எழுதிவைக்க வேண்டும். விதிக்குப் புறம்பாக மறுத்தது அரசுதான் என்று தீர்ப்பாயம் கண்டறியும் வழக்குகளில், மூன்று ஆண்டு வரம்பைக் காட்டி நிலுவையைக் குறைக்கச் சொல்வதை அரசு வழக்கறிஞர்கள் நிறுத்த வேண்டும்.