கனடாவின் கஞ்சாக் கடைகளும் கிராம் கணக்கும்: எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

கனடாவில் 2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆம் திகதி கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்டது. உருகுவேக்கு அடுத்ததாக, வளர்ந்தோரின் பாவனைக்கு நாடு முழுவதிலும் அனுமதி வழங்கிய இரண்டாவது நாடு கனடா. ஈழத்தமிழர்கள் செறிந்து வாழும் ஸ்காபுரோவின் கடைத்தொகுதிகளில் பலசரக்குக் கடைக்கும் நகைக்கடைக்கும் பக்கத்திலேயே இன்று உரிமம் பெற்ற கஞ்சாக் கடைகளைக் காணலாம்.

இதை எமது சமூகம் இரண்டு விதமாக எதிர்கொள்கிறது. பெற்றோர் பலர் அதைப் பேசாப் பொருளாக ஒதுக்கிவிடுகின்றனர். இளையோர் பலரோ, 'சட்டம் அனுமதித்துவிட்டது' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் அந்தச் சட்டம் முழுக்க முழுக்க எண்களால் ஆனது. எத்தனை கிராம், எத்தனை மில்லிகிராம், எத்தனை வயது, இரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்பவற்றில்தான் அனுமதியும் குற்றமும் பிரிகின்றன. இன்னும் குடியுரிமை பெறாத ஒருவருக்கு அந்தக் கோட்டைத் தாண்டுவதன் விலை டொலரில் மட்டும் முடிவதில்லை.

எடையும் வீரியமும்

கனடா மெற்றிக் முறையில் இயங்கினாலும், கஞ்சாச் சந்தை பழைய அவுன்ஸ் கணக்கை விடவில்லை. ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 28 கிராம். அதன் எட்டில் ஒரு பங்கு 3.5 கிராம், கால் பங்கு 7 கிராம். கடைகளில் உலர்ந்த கஞ்சா 1, 3.5, 7, 14, 28 கிராம் பொதிகளாக வருவதற்குக் காரணம் இதுதான்.

பொதி பெரிதானால் கிராமின் விலை குறையும். உதாரணமாக 3.5 கிராம் பொதி 28 டொலர் என்றால் கிராம் 8 டொலர். 28 கிராம் பொதி 112 டொலர் என்றால் கிராம் 4 டொலர். ஒன்ராறியோவில் இதன்மேல் 13 சதவீத விற்பனை வரி சேரும்போது முதலாவது 31.64 டொலராகவும், இரண்டாவது 126.56 டொலராகவும் மாறும். மலிவு என்று பெரிய பொதியை வாங்குபவர் உண்மையில் நான்கு மடங்கு பணத்தைச் செலவிடுகிறார். எட்டு மடங்கு சரக்கை வீட்டுக்குள் கொண்டுவருகிறார். மொத்தக் கொள்வனவின் கவர்ச்சி அரிசி மூட்டைக்குச் சரி. பழக்கமாகக்கூடிய ஒரு பொருளுக்கு அது ஆபத்தானது.

எடை பாதிக் கணக்குத்தான். நகை வாங்கும்போது எத்தனை பவுண் என்று மட்டுமா கேட்கிறோம்? 22 கரட்டா, 18 கரட்டா என்றும் கேட்கிறோம். கஞ்சாவில் அந்தக் கரட்டின் இடத்தில் இருப்பது ரி.எச்.சி. எனப்படும் போதை தரும் இரசாயனத்தின் அளவு. பொதியில் ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் என்று இருந்தால் அது 20 சதவீதம். பொதிகளில் 'ரி.எச்.சி.' என்றும் 'மொத்த ரி.எச்.சி.' என்றும் இரண்டு எண்கள் இடம்பெற்று வந்துள்ளன. முதலாவது பொருள் உள்ளவாறே இருக்கையில் உள்ள அளவு. இரண்டாவது சூடாக்கிய பின் கிடைக்கக்கூடிய அளவு. புகைப்பவருக்குப் பொருந்துவது இரண்டாவது எண். முதல் எண்ணைப் பார்த்து 'வீரியம் குறைந்தது' என்று நினைப்பவர் ஏமாந்துபோவார்.

ஆனால் பொன்னோடான ஒப்பீடு ஓரிடத்தில் முறிகிறது. கரட் கூடினால் பொன்னின் தரம் கூடும். ரி.எச்.சி. கூடினால் கூடுவது போதையும் அதன் ஆபத்தும்தான். அதிக எண் உள்ள பொதி வேகமாக விற்பனையாவதால், ஆய்வுகூட எண்களை உயர்த்திக் காட்டும் போக்கு குறித்து அந்தத் துறைக்குள்ளேயே குற்றச்சாட்டுகள் எழுந்துள்ளன.

முப்பது கிராம் என்றால் என்ன?

பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய உச்ச அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா அல்லது அதற்கு ஈடானது. இந்த 'ஈடு' என்ற சொல்லில்தான் பலர் இடறுகின்றனர். ஒரு கிராம் உலர்ந்த கஞ்சாவுக்கு 15 கிராம் உண்ணும் பண்டமும், 0.25 கிராம் செறிவுச் சாறும் ஈடாகும். ஆகவே செறிவுச் சாற்றில் சட்டபூர்வ எல்லை வெறும் 7.5 கிராம். முப்பது என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்திருப்பவர் அறியாமலே நான்கு மடங்கு எல்லை மீறலாம்.

உண்ணும் பண்டங்களில் ஒரு பொதிக்கு 10 மில்லிகிராம் ரி.எச்.சி.க்கு மேல் இருக்கக்கூடாது. ஆனால் கள்ளச் சந்தையில் பிள்ளைகளின் இனிப்புப் பொதிகளைப் போன்ற தோற்றத்தில் 500, 1000 மில்லிகிராம் என்று அச்சிட்டவை விற்கப்படுகின்றன. உண்ட கஞ்சாவின் தாக்கம் தெரிய அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். 'ஒன்றும் ஏறவில்லையே' என்று இன்னொன்றை உண்பவர்தான் பெரும்பாலும் அவசரப் பிரிவுக்குப் போகிறார். சட்டபூர்வப் பொதியில் மாகாண உற்பத்தி வரி முத்திரையும், கஞ்சா இலையுடன் கூடிய சிவப்பு எண்கோணக் குறியும் இருக்கும். வீட்டில் அகப்படும் பொதியில் இவை இல்லையென்றால், அது எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

விலை ஏன் இறங்கியது?

2019ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் கனடியப் புள்ளிவிபரத் திணைக்களம் பொதுமக்களிடம் திரட்டிய தரவுகளின்படி, சட்டபூர்வக் கஞ்சாவின் சராசரி விலை கிராமுக்கு 10.30 டொலர். கள்ளச் சந்தையில் அது 5.73 டொலர். கிட்டத்தட்ட இரு மடங்கு வித்தியாசம் இருக்கும்போது சட்டத்தால் மட்டும் வாங்குபவரைக் கடைக்கு இழுக்க முடியவில்லை. கடைகள் பெருகி, உற்பத்தி மிகுந்து, விலை சரிந்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

அரசின் வரியோ விலையோடு சேர்ந்து இறங்கவில்லை. உலர்ந்த கஞ்சாவுக்கான அடிப்படை உற்பத்தி வரி கிராமுக்கு ஒரு டொலர், அல்லது விற்பனை விலையில் 10 சதவீதம். இரண்டில் எது அதிகமோ அது. விலை 10 டொலராக இருந்தபோது இந்த ஒரு டொலர் பத்தில் ஒன்று. விலை 4 டொலருக்கு வந்தபோது அது நான்கில் ஒன்று. சிறு உற்பத்தியாளர்கள் பலர் கடனில் விழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்மவருக்கான உண்மையான விலை

18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கஞ்சா கொடுத்தாலோ, உரிமமின்றி விற்றாலோ 14 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ஒன்ராறியோவில் வாங்குவதற்கான வயது 19, கியூபெக்கில் 21. கஞ்சாவுடன் கனடிய எல்லையைக் கடப்பது, எந்தத் திசையிலாயினும், குற்றம்.

இவற்றை விட முக்கியமானது வாகனம். சாரதியின் ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 2 நானோகிராம் ரி.எச்.சி. இருந்தாலே குற்றம், 5 நானோகிராமை எட்டினால் அது கடுமையான குற்றம். 2018 டிசெம்பர் 18 முதல் போதையில் வாகனம் செலுத்துவதற்கான உச்ச தண்டனை 10 ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. இதனால் அது குடிவரவுச் சட்டத்தின் பார்வையில் 'பாரதூரமான குற்றம்' ஆகிவிட்டது. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர், சிறைக்கே போகாமல் தண்டப் பணத்தோடு தப்பினாலும், வதிவிட உரிமையை இழந்து நாடுகடத்தலை எதிர்கொள்ளும் நிலை வரலாம். முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பி, முகாம்களையும் கடலையும் கடந்து வந்து பெற்ற உரிமை ஓர் இரவின் வாகனப் பயணத்தில் பறிபோகலாம். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லித் தரமாட்டார்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். போரின் நினைவுகளால் உறக்கம் தொலைத்த எம்மவர் சிலர் கஞ்சாவில் நிம்மதி தேடுகின்றனர். தனது முன்னாள் படையினரில் வைத்திய அனுமதி பெற்றவர்களுக்குக் கனடிய அரசே கஞ்சாச் செலவை மீளளிக்கிறது. ஆனால் போர் மனவடுவுக்கான மருந்தாக எந்தக் கஞ்சாப் பொருளும் அங்கீகரிக்கப்படவில்லை. வீரியம் கூடிய ரி.எச்.சி. பதற்றத்தை அதிகரிக்கலாம்; இளையோரிலும், குடும்பத்தில் மனநோய் வரலாறு உள்ளோரிலும் மனப்பிறழ்வைத் தூண்டலாம். கடையின் விலைப்பட்டியல் வைத்தியரின் மருந்துச்சீட்டுக்கு ஈடாகாது.

தாயகத்துக்கு ஒரு பாடம்

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கஞ்சா இன்றும் தடைசெய்யப்பட்ட பொருள். ஆயுர்வேத மருந்துக்கு விதிவிலக்கு உண்டு. 2023ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் ஏற்றுமதிக்கான பயிர்ச்செய்கை பற்றிய யோசனை முன்வைக்கப்பட்டது. மறுபுறம், பாக்கு நீரிணை வழியாக யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் 'கேரள கஞ்சா' கிலோக் கணக்கில் கரையேறுகிறது. அதில் ரி.எச்.சி. எவ்வளவு, வேறென்ன கலந்திருக்கிறது என்பது அதை வாங்கும் இளைஞனுக்குத் தெரியாது.

கனடாவின் அனுபவம் சொல்வது இதுதான்: சட்டமாக்குவதால் ஆபத்து மறைவதில்லை, ஆனால் அளவும் வீரியமும் வாங்குபவர் கண்ணில் படுகின்றன. தடை மட்டும் உள்ள இடத்தில் அவை கடத்தல்காரரின் கையில் இருக்கின்றன. வடக்கின் கரைகளில் இவ்வளவு படையினரும் காவலரண்களும் இருந்தும் பொதிகள் எப்படி ஊருக்குள் வருகின்றன என்ற கேள்விக்கு விடை தராமல், ஏற்றுமதி வருமானம் பற்றி மட்டும் பேசுவது எமது பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காத பொருளாதாரம்.