விடாமுயற்சியா, பிடிவாதமா?

ஆங்கிலத்தில் "பெர்சிஸ்டென்ட்" என்று ஒரு சொல் உண்டு. விடாமல் முயலும் மாணவனுக்கும் அந்தச் சொல்தான். விடாமல் பெய்யும் மழைக்கும் அதுவேதான். வாரக்கணக்கில் நிற்காத இருமலையும் டாக்டர் அப்படித்தான் குறிப்பிடுவார். அதில் புகழும் இல்லை, இகழும் இல்லை.

"டாகெட்" என்ற சொல்லின் கதை வேறு. நாயிலிருந்து பிறந்த அந்தச் சொல், முதலில் சிடுமூஞ்சிக் குணத்தைக் குறிக்கும் வசையாக இருந்தது. பிறகு, எடுத்ததை விடாத உறுதிக்குப் பாராட்டாக மாறிவிட்டது. தமிழர் இதற்கு நாயைத் தேடிப் போகவில்லை, உடும்பைக் கண்டார்கள். உடும்புப்பிடி என்கிறோம்.

ஆனால் மனிதனை எடை போடும்போது தமிழில் இரண்டு சொற்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று விடாமுயற்சி, மற்றொன்று பிடிவாதம். ஜெயித்தவனுக்கு முதல் சொல்லையும் தோற்றவனுக்கு இரண்டாவதையும் சூட்டுவது உலக வழக்கம். இது நியாயந்தானா?

ஊருக்கு வந்த பெயர்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்கு ரயிலில் போகிறவர்கள் வழியில் மறைமலைநகர் என்ற பெயர்ப் பலகையைப் பார்க்கலாம். அந்தப் பெயருக்கு உரியவர் வேதாசலம் என்ற பெயருடன் வளர்ந்தவர். 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியவர், தம் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டார். தாம் நடத்திய "ஞானசாகரம்" பத்திரிகையை "அறிவுக்கடல்" ஆக்கினார். அன்று இதை வீண் பிடிவாதம் என்று கேலி செய்தவர்கள் உண்டு.

அவர் வடமொழி தெரியாமல் அதை ஒதுக்கியவர் அல்லர். காளிதாசனின் சாகுந்தலத்தைத் தமிழாக்கியவர். ஆங்கிலத்திலும் வல்லவர். ஒதுக்கியது இன்னதென்று முழுக்க அறிந்த பிறகே தம் வழியில் நின்றார். அவர் கொள்கையை ஏற்காதவர்களும் இதை மறுக்க முடியாது. 1950-இல் அவர் மறைந்தார். பின்னாளில் எழுந்த ஒரு நகரமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எது வித்தியாசம்?

மறுபக்கத்தை அறிந்தும் தன் நோக்கத்தில் நிற்பது விடாமுயற்சி. மறுபக்கத்தைக் கேட்கவே மறுப்பது பிடிவாதம். வெற்றி தோல்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வீட்டில் ஒரு பிள்ளை கணக்குப் போட உட்கார்ந்து, சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருக்காமல் இருக்கிறது. "பிடிவாதக்காரன்!" என்று அதட்டுமுன் பெற்றோர் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும். இன்று வீட்டார் வைக்கும் பெயரே நாளை பிள்ளையின் குணமாகிவிடக் கூடும்.