“தீங்கற்ற கட்டி” என்னும் மயக்கம்

மூளையில் உண்டாகும் கட்டிகளுட் சிலவற்றை வைத்தியர்கள் “தீங்கற்றவை” என்கின்றனர். புற்றுநோய் போல் உடலெங்கும் பரவாதவை என்பதே அதன் பொருள். அச்சொல்லை நம்பிக் கவலையின்றி இருந்துவிடலாமா? மண்டையோடு விரிந்து கொடுக்கும் பையன்று, எலும்பாலான அறை. அதனுள் மெல்ல வளரும் கட்டியும் மூளையை நெருக்கும், பார்வையைப் பறிக்கும், வலிப்பை உண்டாக்கும், கைகால்களைத் தளரச் செய்யும்.

அமெரிக்கப் படைத்தலைவர் லெனாட் வூட்டின் வரலாறு இதற்குச் சான்று. 1910இல் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் அவரது மூளையுறைக் கட்டியை அகற்றினார். நலமடைந்த வூட் அவ்வாண்டிலேயே இராணுவத் தலைமை அதிகாரியானார். 1921இல் பிலிப்பைன் தீவுகளின் மகாதேசாதிபதியானார். ஆனால் கட்டி மீண்டும் வளர்ந்தது. பதவிக் கடமைகளால் சிகிச்சையை அவர் தள்ளிப்போட்டார். 1927இல் குஷிங் மீண்டும் சத்திரசிகிச்சை செய்தார், வூட் பிழைக்கவில்லை.

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விதியன்று. மூளையுறைக் கட்டிகள் மீண்டும் வளர்வதை ஆராய்ந்து, 1957இல் டொனால்ட் சிம்சன் முடிவுகளை வெளியிட்டார். கட்டியையும் அது பற்றியிருந்த உறையையும் முழுதாக அகற்றியவிடத்து 100 பேரில் 9 பேருக்கே அது மீண்டது. உறையை வெட்டாது சுட்டுவிட்டவிடத்து 19 பேருக்கும், அதுவும் செய்யாதவிடத்து 29 பேருக்கும் மீண்டது. கோரையைப் பிடுங்கிக் கிழங்கை மண்ணில் விட்டால் என்னவாகும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

எனினும், முக்கிய நரம்பையோ பெரிய இரத்தக்குழாயையோ கட்டி பற்றியிருந்தால், முழுவதையும் வெட்டுவது நோயாளியை முடமாக்கலாம். அவ்வேளை ஒரு பகுதியை விட்டுவைப்பதே விவேகம். அது வைத்தியரின் குறையன்று. ஆனால் விட்டுவைத்ததைக் கண்காணிக்க வேண்டிய கடமை அப்போது இரட்டிப்பாகிறது.

தையல் பிரித்தவுடன் சிகிச்சை முடிந்ததெனக் கருதுவது தவறு. அறிகுறி தோன்றுமுன்னரே மறுவளர்ச்சியைக் காட்டும் ஸ்கேன் கருவிகள் இன்று உள்ளன. வயலையும் கூலியையும் இழந்து, தொலைதூர ஆஸ்பத்திரிக்கு ஆண்டுதோறும் அலைய ஏழைக் கமக்காரனால் இயலுமா? இலவச வைத்தியம் தன் கொள்கை எனக் கூறும் அரசாங்கம், சத்திரசிகிச்சையை மட்டுமன்றிப் பின்தொடர் பரிசோதனையையும் மக்கள் எட்டக்கூடிய இடத்தில் வழங்கவேண்டும். எத்தனை கட்டிகளை வெட்டினோம் என்ற கணக்குப் போதாது. பத்தாண்டின் பின்னர் எத்தனை பேர் கண்பார்வையுடனும் கைகால் வலிமையுடனும் வாழ்கின்றனர்? அக்கணக்கையே நாம் கேட்கிறோம்.