ஒலிவாங்கி யார் கையில்?

கிள்ளானில் இருக்கும் என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் எங்கள் குடும்பக் குழுவில் அதிகம் பேசுபவர் அவர்தான். காலை வணக்கம் முதல் மீன் குழம்பின் பக்குவம் வரை எல்லாமே குரல் செய்திகள். கைப்பேசி நம்மை ஒட்டுக் கேட்கிறது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு விடுமுறையில் அவர் கைப்பேசியில் எல்லாச் செயலிகளுக்கும் ஒலிவாங்கி அனுமதியை நிறுத்திவிட்டு வந்தேன். ஒரு வாரம் அவரிடமிருந்து செய்தியே இல்லை. அழைத்துக் கேட்டேன். "நீங்கதான் என்னைப் பேச வேணாம்னு நிறுத்திட்டீங்கன்னு நினைச்சேன்யா" என்றார். உண்மையில் நிறுத்தியவன் நான்தானே!

பிரிக்பீல்ட்ஸில் வசிக்கும் பார்வையற்ற நண்பர் ஒருவருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இயங்கும் வட்டாரம் அது. இணையவழிக் கூட்டத்தில் இருந்தபடியே, வேறொரு செயலியில் தமிழில் பேசிக் குறிப்பெடுக்க முயன்றார். ஒரு சொல்லும் பதிவாகவில்லை. தம் உச்சரிப்புதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

அவர் உச்சரிப்பில் குறையே இல்லை. ஒலிவாங்கியைச் செயலிகள் எப்படிப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 விதிகளை வகுத்தது. சாதாரணச் செயலிகள் இரண்டு ஒரே நேரத்தில் குரலைப் பெற முடியாது. ஒன்றுக்குக் குரல் போகும். மற்றதற்கு, அனுமதி இருந்தாலும், வெறும் நிசப்தம்தான் போகும். குரல் உதவியாளருக்கும் உடற்குறையுள்ளோருக்கான அணுகல் சேவைகளுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு.

இந்த விதி தேவைதான். நாம் வங்கியோடு பேசுவதை இன்னொரு செயலி கேட்டுக்கொண்டிருக்கலாமா? என் வருத்தம் வேறு. குரல் மறுக்கப்படும்போது, அது மறுக்கப்பட்டது என்பதை நமக்குச் சொல்வார் இல்லை. காரணம் தெரியாதவர் பழியைத் தம்மீதே போட்டுக்கொள்கிறார். 2020இல் ஐ.ஓ.எஸ். 14 செம்மஞ்சள் புள்ளியையும், 2021இல் ஆண்ட்ராய்டு 12 பச்சை அடையாளத்தையும் கொண்டுவந்தன. ஒலிவாங்கி இயங்குவதை அவை திரையின் மேல்பகுதியில் காட்டும். ஆனால், பார்க்க இயலாதவருக்கும் பொருள் தெரியாதவருக்கும் ஒரு புள்ளியால் என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் 'அனுமதி' என்று அழுத்துவது அறியாமை. எல்லாவற்றையும் மூடுவதும் அறியாமைதான். நான் செய்தது அதுவே. மீண்டும் கிள்ளானுக்குப் போய், பாட்டி பேசும் செயலிக்கு மட்டும், அதுவும் பயன்படுத்தும் வேளைக்கு மட்டும், அனுமதி கொடுத்தேன். ஏன் என்று அவருக்கு விளங்கும்படி சொல்லவும் செய்தேன். மறுநாள் விடிவதற்குள் எட்டுச் செய்திகள்!

நண்பர்களே, தமிழ் வாழ வேண்டும் என்று ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். எழுத்தறியாத பெரியவர்களுக்கும் பார்வையற்ற தோழர்களுக்கும் கைப்பேசியில் தமிழ் என்பது அவர்கள் குரல்தான். அடுத்த விடுமுறையில் வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் பத்து நிமிடம் அமருங்கள். எந்தச் செயலி, எப்போது, எதற்காகக் கேட்கிறது என்பதைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அனுமதிப்பதா மறுப்பதா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.