இரும்புக்கு ஏடு உண்டு, மாந்தருக்கு?



மலாக்கா, கிளேபாங் கடற்கரையில் பிரான்சு நாட்டில் கட்டப்பட்ட பழைய டீசல் நீர்மூழ்கி ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவீர்கள். நீர்மூழ்கி என்றாலே மாணவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். எவ்வளவு நீளம்? எவ்வளவு ஆழம் போகும்? எத்தனை கப்பல்களை மூழ்கடித்தது? இவற்றைக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. ஆனால் நான்காவது கேள்வி ஒன்று உண்டு. அதைப் பிள்ளைகள் தாமாகக் கேட்பதில்லை. நாம்தான் கற்பிக்க வேண்டும். மூழ்கிய கப்பலுக்குள் இருந்தவர்கள் யார்?

இக்கேள்வியின் தேவையை உணர்த்த, நம் மலாக்கா நீரிணையில் உலவிய ஒரு நீர்மூழ்கி வகுப்பின் கதையைச் சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படையிடம் 'டி' வகுப்பு நீர்மூழ்கிகள் இருந்தன. ட்ரைட்டன், ட்ருகுலன்ட், ட்ரெஞ்சன்ட், ட்ரேட்விண்ட் என ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைச் சூட்டியதால் இப்பெயர் வந்தது. மொத்தம் 53 கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 84 மீட்டர் நீளம். உள்ளே அறுபது பேர் அளவில் பணிபுரிவர். நீரின் மேல் டீசல் இயந்திரத்தால் ஓடும். அப்பொழுதே மின்கலங்களில் மின்சாரம் சேமிக்கப்படும். நீருக்கடியில் அம்மின்சாரத்தைக் கொண்டே மெதுவாக நகர முடியும். தாக்கும் வேளையில் தலைவருக்கு வெளியுலகைக் காட்டும் கண் மறைநோக்கி எனப்படும் குழாய் ஒன்றே. அதன் வழியே கப்பலின் உருவம் தெரியும். கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருப்பவர்கள் தெரியமாட்டார்கள்.

1943 முதல் இவ்வகுப்பைச் சேர்ந்த பல நீர்மூழ்கிகள் இலங்கையின் திருகோணமலையைத் தளமாகக் கொண்டு நம் கடற்பகுதிக்கு வந்தன. 1944 சனவரி 11ஆம் நாள், பினாங்கிற்கு அருகே ஜப்பானியரின் 'குமா' என்னும் போர்க்கப்பலை டாலி-ஹோ மூழ்கடித்தது. 1945 சூன் 8ஆம் நாள், பங்கா நீரிணையில் 'ஆஷிகாரா' என்னும் பெரும்போர்க்கப்பலை ட்ரெஞ்சன்ட் வீழ்த்தியது. போர் வரலாற்று நூல்கள் இவற்றை வெற்றிகளாகப் போற்றுகின்றன.

மற்றொரு நாளையும் நாம் அறிய வேண்டும். 1944 செப்டம்பர் 18. சுமத்ராவின் மேற்குக் கரையோரம் சென்றுகொண்டிருந்த 'ஜுன்யோ மாரு' என்னும் பழைய சரக்குக் கப்பலை ட்ரேட்விண்ட் நீர்மூழ்கிக் குண்டுகளால் தாக்கி மூழ்கடித்தது. அக்கப்பலில் ஏறத்தாழ 2,300 போர்க்கைதிகளும், 4,200 சாவகத் தொழிலாளர்களும் அடைக்கப்பட்டிருந்தனர். பாக்கான் பாரு இரயில் பாதை அமைக்க ஜப்பானியர் அவர்களைக் கொண்டு சென்றனர். கைதிகள் இருப்பதற்கான அடையாளம் எதுவும் கப்பலில் இல்லை. நீர்மூழ்கியில் இருந்தவர்களுக்கு இச்செய்தி தெரியாது. ஏறத்தாழ 5,600 உயிர்கள் கடலில் மாய்ந்தன. பிழைத்த கைதிகளையும் அதே இரயில் பாதைக்கே அனுப்பினர். அந்தப் பாதை கட்டி முடிக்கப்பட்ட நாள் எது தெரியுமா? ஜப்பான் சரணடைவதாக அறிவித்த 1945 ஆகஸ்டு 15.

இனி, அந்நீர்மூழ்கிகள் என்னவாயின என்று பாருங்கள். போர்க்காலத்தில் 15 மூழ்கிப்போயின. ட்ரேட்விண்ட் 1955இலும், ட்ரெஞ்சன்ட் 1963இலும், டாலி-ஹோ 1967இலும் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாயின. ட்ருகுலன்ட் 1950 சனவரி 12ஆம் நாள் தேம்சு ஆற்று முகத்துவாரத்தில் சுவீடன் நாட்டு எண்ணெய்க் கப்பலோடு மோதி மூழ்கியது. 64 பேர் இறந்தனர். டோட்டெம் இசுரேலுக்கு விற்கப்பட்டு 'டாக்கார்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 1968இல் 69 பேருடன் மறைந்த அது, 1999இல் மத்தியதரைக் கடலின் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 1942இல் காணாமற்போன ட்ரையம்ப் 2023இல் ஏஜியன் கடலில் கண்டறியப்பட்டது. முழுமையாகப் பாதுகாக்கப்பட்ட 'டி' வகுப்பு நீர்மூழ்கி இன்று ஒன்றுகூட இல்லை. ஆயினும் அவை கட்டப்பட்ட ஆண்டு, உடைக்கப்பட்ட ஆண்டு, மாண்ட மாலுமிகளின் பெயர்கள் யாவும் ஏடுகளில் உள்ளன.

ட்ரெஞ்சன்ட் 1944 செப்டம்பர் 23ஆம் நாள் பினாங்கு அருகே 'யு-859' என்னும் செருமானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது. அதில் இரசம் ஏற்றப்பட்டிருந்தது. 1972இல் அந்த இரசத்தை மேலே எடுத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டு வந்தனர். அது யாருக்கு உரியது என்பதைத் தீர்க்க உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. இரசத்திற்கு உரிமை கோர ஆள் இருந்தது. ஜுன்யோ மாருவில் இருந்த சாவகத் தொழிலாளர்களுக்கோ முழுமையான பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

இது யாரோ அயலாரின் கதை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. அதே போரில், மலாயாத் தோட்டங்களிலிருந்து எண்ணற்ற தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் போர்க்கைதிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களின் பெயர்கள் பதிந்து வைக்கப்பட்டது மிகச் சரியே. ஆனால் அங்கு மாண்ட நம் தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படியோர் ஏடு இல்லை. சாவகத் தொழிலாளிக்கு நேர்ந்த மறதி நம் முன்னோருக்கும் நேர்ந்தது.

"தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இத்துயரம் எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சாவுகளை விவரித்துப் பிள்ளைகளை அச்சுறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கைப்பேசி விளையாட்டில் ஒரு நாளைக்குப் பத்துக் கப்பல்களை மூழ்கடிக்கும் பிள்ளைக்கு, கப்பல் என்பது இரும்பு மட்டுமன்று எனச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு 'யார்' என்ற கேள்வி புரியும். ட்ரேட்விண்ட் மாலுமிகளைக் குற்றவாளிகளாக்கவும் வேண்டியதில்லை. அறியாமலும் பேரிழப்பு நேரும் என்பதையும், கைதிகளை அடையாளமின்றி ஏற்றிச் சென்றவர்களின் பொறுப்பையும் அமைதியாக எடுத்துரைத்தால் போதும்.

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆசிரியர்களுக்கு. கிளேபாங் போன்ற இடங்களுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போது பயிற்றித்தாளில் நான்காவது கேள்வியையும் சேருங்கள்.

இரண்டாவது, பெற்றோருக்கு. வீட்டிலுள்ள முதியவர்களிடம் கேட்டு, போர்க்காலத்தில் உங்கள் குடும்பத்திலிருந்து சயாமிற்குச் சென்றவர்களின் பெயர், தோட்டம், திரும்பினாரா இல்லையா என்பனவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். எழுதுபவர் உங்கள் பிள்ளையாக இருக்கட்டும்.

மூன்றாவது, பள்ளிகளுக்கு. அத்தாள்களைத் தொகுத்து ஒரு கோப்பாக நூலகத்தில் வையுங்கள். இதற்குச் செலவு மிகக் குறைவு. காலம்தான் நம்மிடம் குறைவாக உள்ளது. அக்காலத்தை நேரில் கண்டவர்கள் அருகிவிட்டனர். அவர்கள் வாய்மொழியைக் கேட்ட பிள்ளைகளுக்கும் இன்று முதுமை வந்துவிட்டது.

53 நீர்மூழ்கிகளின் கதையை எழுதி வைத்த நாட்டைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். நம் மக்களின் பெயர்களை எழுதி வைக்கும் கடமை நம்முடையது. இவ்வாரமே தொடங்குவோம்.

அன்புடன்,
உங்களில் ஓர் ஆசிரியர்