100% தேர்ச்சி போர்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க

ஸ்கூல் ஃபீஸ் வீடியோ போட்டதும் நிறைய பேர் கேட்டது இதுதான்: "எங்க ஏரியால ரெண்டு அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கு, எதுல சேர்க்கலாம்?" எல்லாரும் முதல்ல பார்க்கிறது பிளஸ் டூ தேர்ச்சி சதவீதம். என்னைக் கேட்டா, அது பாதிக் கணக்குதான்.

20 பேர் எழுதி 20 பேரும் பாஸானா 100%. 200 பேர் எழுதி 182 பேர் பாஸானா 91%. ரெண்டாவது ஸ்கூல் மோசம்னு எப்படிச் சொல்வீங்க? பத்தாவதுல மார்க் கம்மியா எடுத்த பசங்களையும் பிளஸ் ஒன்ல சேர்த்துக்கிட்டாங்களான்னு விசாரிங்க. பயாலஜி குரூப் இருக்கா, பிசிக்ஸ் டீச்சர் இடம் காலியா கிடக்கான்னும் கேளுங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல இருக்கிற பெற்றோர் ஒளிவுமறைவு இல்லாம சொல்லிடுவாங்க.

இதுல பணமும் இருக்கு. தமிழ்நாட்டுல மருத்துவம், இன்ஜினியரிங் சேர்க்கையில அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% ஒதுக்கீடு உண்டு. அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணத்தையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே கட்டுது. ஆனா ஆறாவதுலேர்ந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும். 'பத்தாவது வரைக்கும் தனியார், அப்புறம் மாத்திக்கலாம்'னு சம்பளத்துல பாதியைக் கட்டிட்டிருக்கிறவங்களுக்கு இது கிடைக்காது. பிள்ளை அஞ்சாவது படிக்கும்போதே ரெண்டு பள்ளிக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.